பெரிய பகா எண்ணும் என் பழைய ஸ்லைடும்

2018 ஜனவரியில், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். தலைப்பு, குறியாக்கம் பற்றிய எளிய அறிமுகம். அதற்குச் சில நாள் முன்னால்தான் அப்போதைய மிகப் பெரிய பகா எண்ணான 2^77232917 − 1 அறிவிக்கப்பட்டிருந்தது. 2 கோடியே 32 லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள். சூட்டோடு சூடாக அதை முதல் ஸ்லைடில் போட்டேன். கீழே ஒரு வரி: "உங்கள் வங்கிக் கணக்கைக் காப்பது இந்த மாதிரி எண்கள்தான்." எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினார். "சார், இந்த நம்பர் எல்லா நியூஸ்லயும் வந்திருக்கே. எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பரை வெச்சு எப்படி சார் ரகசியம் பண்றது?"

"நல்ல கேள்வி, கடைசியில பேசலாம்" என்றேன். கடைசியில் பேசவில்லை. பதில் தெரியாததுதான் காரணம். அதைவிட மோசம், அந்த வரியை நான் எங்கோ படித்து, யோசிக்காமல் எடுத்துப் போட்டிருந்தேன் என்பது அந்த நொடியில் எனக்கே தெரிந்துபோனது.

2024 அக்டோபரில் அடுத்த சாதனை வந்தது. 2^136279841 − 1. இலக்கங்கள் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320. குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தார்கள். நாலாவது பத்தியில் அதே வரி, கிட்டத்தட்ட என் ஸ்லைடில் இருந்த மாதிரியே. இதுபோன்ற இன்னும் ஏழெட்டுச் செய்திகளையும் காணொளிகளையும் தேடிப் பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. முதலில் "உலகின் மிகப் பெரிய பகா எண்", பிறகு "அச்சடித்தால் இத்தனை ஆயிரம் பக்கம்", பிறகு "குறியாக்கத்துக்கு உதவும்", கடைசியில் கண்டுபிடித்தவர் பெயர். பெயரும் இலக்கக் கணக்கும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. மற்ற மூன்றிலும் கோளாறு. அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. அந்தப் பெண்ணுக்கு ஏழு வருஷம் தாமதமான பதிலும் இதில் இருக்கிறது.

1. "உலகின் மிகப் பெரிய பகா எண்"

அப்படி ஒன்று கிடையாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் 2300 வருஷம் முன்னாலேயே நிரூபித்துவிட்டார். "நமக்குத் தெரிந்தவற்றில் பெரியது" என்பதுதான் சரி. இதை எல்லோரும் சொல்வார்கள், இதற்கு ஒரு விமர்சனமா என்று கேட்கலாம். "தெரிந்த" என்ற அந்த ஒரு சொல்லை விட்டால் எவ்வளவு காணாமல் போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெர்ட்ராண்ட் கூற்று என்று ஒன்று உண்டு. 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும், அதற்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவில் குறைந்தது ஒரு பகா எண் இருக்கும். 1852-ல் செபிஷேவ் நிரூபித்தார். 1919-ல் நம் ராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இதற்கு மிகச் சுருக்கமான ஒரு நிரூபணம் எழுதினார்.

இப்போது இதைப் பயன்படுத்துங்கள். முந்தைய சாதனை 2018 டிசம்பரில் கிடைத்த 2^82589933 − 1. அங்கிருந்து புதிய எண்ணுக்கு வர எத்தனை முறை இரட்டிக்க வேண்டும்? இரண்டு அடுக்குகளையும் கழித்தால் போதும்: 5,36,89,908. ஒவ்வொரு இரட்டிப்பிலும் குறைந்தது ஒரு பகா எண். ஆக இந்த இடைவெளியில் குறைந்தபட்சம் 5 கோடியே 36 லட்சம் பகா எண்கள் உறுதி. உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கற்பனைக்கு எட்டாத அளவு பெரியது. அத்தனையில் அந்த அறிவிப்பு நாளில் நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, புதிதாகக் கிடைத்ததுதான்.

மலை ஏறுகிறவர்கள் சிகரத்தைத் தொட்டுவிட்டார்கள் என்ற மாதிரி எழுதுகிறார்கள். சிகரமே இல்லாத மலை இது. ஆறு வருஷத்தில் ஒரு கல்லை அடையாளம் கண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அது எந்தக் கல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2. "அச்சடித்தால் இத்தனை ஆயிரம் பக்கம்"

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். எண்ணின் பெருமையே அதன் தசம இலக்கங்களில் இருக்கிற மாதிரி ஒரு பாவனை.

அந்த 4 கோடி இலக்கங்களும் கண்டுபிடிப்பே அல்ல. 136279841-ஐ 0.30103 என்ற மடக்கையால் பெருக்கினால் எத்தனை இலக்கம் என்று வந்துவிடும். கடைசி இலக்கம் வேண்டுமா? அடுக்கை 4-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 1. அப்படியானால் 2-இன் அந்த அடுக்கு 2-இல் முடியும், ஒன்றைக் கழித்தால் 1-இல் முடியும். நாலு கோடி இலக்க எண்ணின் வாலைப் பிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மற்ற இலக்கங்களையும் ஒரு சாதாரண மடிக்கணினி சுலபமாகக் கக்கிவிடும். இவையெல்லாம் நாம் பத்து விரலால் எண்ணப் பழகியதால் வந்த உருவம். வேறு அடிமானத்தில் எழுதினால் காணாமல் போகிறவை. எண்ணின் குணம் வேறு, எழுத்தின் குணம் வேறு.

இந்த எண்ணுக்கென்று உள்ள குணம் பைனரியில் எழுதினால் பளிச்சென்று தெரியும். 1, 1, 1, 1 என்று 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 ஒன்றுகள். ஒரு சைபர்கூடக் கிடையாது. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண் என்றால் இதுதான் அர்த்தம். 7 என்பது மூன்று ஒன்றுகள், 31 ஐந்து ஒன்றுகள், 127 ஏழு ஒன்றுகள். மெர்சென் எண்கள் என்று பெயர்.

இந்த ஒன்றுகளின் வரிசையைப் பார்த்தே சில உண்மைகளைச் சொல்லிவிடலாம். 15 ஒன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 32767. மூன்று மூன்றாகப் பிரித்தால்:

111 111 111 111 111

ஐந்து கட்டு, ஒவ்வொன்றும் 111, அதாவது 7. ஆக 7-ஆல் வகுபடும்: 32767 = 7 × 4681. ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 11111, அதாவது 31-ஆல் வகுபடும்: 31 × 1057. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம கட்டுகளாகப் பிரிக்க முடிந்தால் எண்ணே உடைந்துவிடும். எனவே எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தே ஆகவேண்டும். இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 11 பகா எண்தான். ஆனால் 2^11 − 1 = 2047 = 23 × 89.

இந்த 23, 89 இரண்டையும் கவனியுங்கள். இரண்டுமே 22-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை. இது தற்செயல் இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தால், மெர்சென் எண்ணை வகுக்கும் எந்தக் காரணியும் அடுக்கின் இரு மடங்கின் மடங்கோடு ஒன்று என்ற வடிவில்தான் வரும். புதிய எண்ணுக்கு ஏதாவது காரணி இருந்திருந்தால், அது 27 கோடியே 25 லட்சத்துக்கு மேல்தான் ஆரம்பித்திருக்கும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது இன்னொன்று. இப்படி ஒரு பகா எண் கிடைத்தால் அதோடு ஒரு நிறைவு எண்ணும் இலவசமாகக் கிடைக்கும், அதாவது தன்னைத் தவிர மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண். 6, 28, 496 போல. 2024-ல் கிடைத்த நிறைவு எண்ணுக்கு 8 கோடியே 20 லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள். இந்த உறவின் ஒரு பாதியை யூக்ளிடும் மறு பாதியை ஆய்லரும் நிரூபித்தார்கள். பக்கக் கணக்கு போட்ட செய்திகளில் பெரும்பாலானவை இதைத் தொடவே இல்லை.

3. ஏன் இந்தக் கல்?

சாதனைப் பட்டியலின் உச்சியில் திரும்பத் திரும்ப மெர்சென் எண்களே ஏன் வருகின்றன? பகா எண்கள் அந்த வடிவத்தில் அதிகமாக இருப்பதாலா? இல்லை. அவற்றைச் சோதிப்பதற்கு நம்மிடம் ஓர் அற்புதமான வழி இருப்பதால்.

அதன் பெயர் லூக்கா–லெமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்துங்கள், 2-ஐக் கழியுங்கள், மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் இரண்டு குறைவான தடவை இதையே செய்யுங்கள். கடைசியில் சைபர் வந்தால் பகா எண். வராவிட்டால் இல்லை. நடுவில் வேறு பேச்சே கிடையாது.

127-க்குச் செய்து பார்ப்போம். அடுக்கு 7, எனவே ஐந்து படிகள். வகுத்தல்கூட வேண்டாம், ஒரு தந்திரம் போதும். 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே எண்ணில் எத்தனை 128 இருக்கிறதோ அத்தனையை அப்படியே மீதத்தோடு கூட்டிவிடலாம்.

4-இன் வர்க்கம் 16, இரண்டு போக 14.
14-இன் வர்க்கம் 196, இரண்டு போக 194. அதில் ஒரு 128, மீதம் 66. கூட்டினால் 67.
67-இன் வர்க்கம் 4489, இரண்டு போக 4487. அதில் 35 தடவை 128, மீதம் 7. கூட்டினால் 42.
42-இன் வர்க்கம் 1764, இரண்டு போக 1762. அதில் 13 தடவை 128, மீதம் 98. கூட்டினால் 111.
111-இன் வர்க்கம் 12321, இரண்டு போக 12319. அதில் 96 தடவை 128, மீதம் 31. கூட்டினால் 127. அதாவது சைபர்.

127 பகா எண். சோதனை முடிந்தது.

பைனரியில் 128-ஆல் வகுப்பது என்பது எண்ணை ஏழு பிட் நகர்த்துவதுதான். ஆக வகுத்தல் என்ற செலவான வேலை, வெட்டி ஒட்டுவதாகச் சுருங்கிவிடுகிறது. 136279841 அடுக்குக்கும் இதே விதி. வித்தியாசம் என்னவென்றால் ஐந்து படிக்குப் பதில் 13 கோடியே 62 லட்சம் படிகள். ஒவ்வொரு படியிலும் நாலு கோடி இலக்க எண் ஒன்றை வர்க்கப்படுத்தவேண்டும்.

அந்த அளவில் உள்ள எண்களில் சராசரியாக 9 கோடியே 44 லட்சத்துக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். அவற்றைத் தொட நம்மிடம் வழி இல்லை. வசதியான வடிவம் எதுவும் இல்லாத எண் என்றால், பகா எண் என்று இன்று முழுமையாக நிரூபிக்க முடிவது லட்சம் இலக்கங்களை ஒட்டித்தான். ஆக இந்தச் சாதனை பகா எண்களைப் பற்றிச் சொல்வதைவிட நம் சோதனை முறையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

4. "குறியாக்கத்துக்கு உதவும்"

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன்.

ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்கல் பலனை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, அந்த இரண்டையும் ரகசியமாக வைத்துக்கொள்வோம். வழக்கமான 2048 பிட் சாவியில் ஒவ்வொன்றும் 1024 பிட், சுமார் 309 இலக்கங்கள். அந்த அளவில் பகா எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. ஏறக்குறைய 710 எண்களுக்கு ஒன்று பகா எண். உங்கள் கணினி கண் இமைக்கும் நேரத்தில் அப்படி ஒன்றைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். யாரும் உலகம் முழுக்கத் தேடித் தரவேண்டியதில்லை.

அப்படியும் பிடிவாதமாக 2^136279841 − 1-ஐச் சாவியில் வைத்தால் என்ன ஆகும்? முதலாவது, அந்த எண் மட்டுமே 17 எம்பி. ஒவ்வொரு தடவை வங்கித் தளத்தைத் திறக்கும்போதும் அவ்வளவு பெரிய எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டும். இரண்டாவது, அந்தப் பெண் சொன்னதுதான்: எல்லோருக்கும் தெரிந்த எண். திருடன் ஒரே ஒரு தடவை வகுத்துப் பார்த்தால் இன்னொரு காரணி கையில் வந்து விழும். வீட்டுச் சாவியின் படத்தைப் பத்திரிகையில் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டுவது மாதிரி.

இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். தேடலை நடத்தும் கிம்ப்ஸ் திட்டத்தின் அறிவிப்புகளில் இந்தப் பெரிய எண்களுக்கு இப்போதைக்கு நடைமுறைப் பயன் குறைவு என்று அவர்களே எழுதுகிறார்கள். அதைத் தொடர்ந்து, பகா எண்களை வைத்துக் குறியாக்க முறைகள் வருவதற்கு முன்னால் அவற்றைப் பற்றியும் இதே சந்தேகம் இருந்தது என்கிறார்கள். நேர்மையான இரண்டு வாக்கியங்கள். செய்தியாகும்போது முதல் வாக்கியம் உதிர்ந்துவிடுகிறது. இரண்டாவது மட்டும் "குறியாக்கத்துக்கு உதவும்" என்று சுருங்கிவிடுகிறது. "இதனால என்ன பிரயோஜனம்?" என்று வாசகர் கேட்பாரே என்ற பயம். நான் ஸ்லைடு போட்டதும் அதே பயத்தில்தான்.

அதற்காக "ஒரு பயனும் இல்லை" என்று எதிர்ப்பக்கம் தாவினால் அதுவும் தப்பு. 1952 ஜனவரி 30 இரவு, லாஸ் ஏஞ்சலஸில் ஸ்வாக் என்ற ஆரம்பகாலக் கணினியில், ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் 2^521 − 1 பகா எண் என்று காட்டியது. கணினி கண்டுபிடித்த முதல் மெர்சென் பகா எண் அது. அதே இரவில் 2^607 − 1-ம் சிக்கியது. அன்றைக்கு அவை வெறும் சாதனைகள். இன்றைக்கு பி-521 என்ற நீள்வட்ட வளைவுக் குறியாக்கத் தரம் அந்த 157 இலக்க எண்ணின் மீதுதான் நிற்கிறது. ஆனால் அங்கே அது ரகசியம் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த பொது எண்ணாகவே இருக்கிறது, ரகசியச் சாவி வேறு. அதைத் தேர்ந்தெடுக்க முக்கியமான காரணம், மேலே 127-க்குச் செய்தோமே, அந்த வெட்டி ஒட்டும் வசதி.

நம் தொழிலில் இருப்பவர்கள் இந்த வசதியைத் தினமும் தொடுகிறார்கள், தெரியாமலே. ஜாவாவில் ஒரு சொல்லின் ஹாஷ் கணக்கிடும்போது 31-ஆல் பெருக்குகிறார்கள். 31 மெர்சென் பகா எண், ஐந்து பிட் நகர்த்தி ஒரு தடவை கழித்தால் பெருக்கல் முடிந்தது. 64 பிட் கணினியில் பைத்தான் முழு எண்களின் ஹாஷை 2^61 − 1-ஆல் வகுத்து வரும் மீதியாக எடுக்கிறது. நம்பாவிட்டால் பைத்தானைத் திறந்து 2-இன் 61-ஆவது அடுக்கின் ஹாஷ் என்ன என்று கேளுங்கள். 1 என்று சொல்லும். அதில் ஒன்று குறைந்த எண்ணுக்கு 0.

ஆக சரியான பதில் இது: "இல்லைங்க, இந்த எண் ரகசியத்துக்கு உதவாது. ஆனா இதோட சின்னத் தம்பிங்க நம்ம கோடுக்குள்ள ஏற்கெனவே வேலை பார்க்கிறாங்க." அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

5. யாரும் எழுதாத பகுதி: எப்படி நம்புவது?

நான் படித்த செய்திகளில் முக்கியமாக இல்லாதது இதுதான். ஓர் எண் பகா எண் இல்லை என்று காட்டுவது சுலபம், காரணியைக் காட்டினால் போதும். பகா எண்தான் என்று ஒருவர் சொன்னால்?

1644-ல் பாரிஸ் பாதிரியார் மெர்சென், அடுக்கு 257 வரை எவையெல்லாம் பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் போட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67, 257 இரண்டும் தப்பு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. பட்டியல் முழுக்கச் சரிபார்க்கப்பட்டது 1947-ல். மூன்று நூற்றாண்டு. 1876-ல் லூக்கா 67 தப்பு என்று காட்டினார், காரணி என்ன என்று தெரியாமலே. 1903-ல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் காரணிகளை வைத்தார்: 193707721 × 761838257287. எவரும் பெருக்கிப் பார்க்கலாம். அதே லூக்கா 2^127 − 1 பகா எண் என்று கையாலேயே கணக்குப் போட்டு நிறுவினார். 39 இலக்கங்கள். அதைச் சரிபார்க்க வேண்டுமானால் நீங்களும் முழுக் கணக்கையும் போட்டாக வேண்டும்.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது புத்தகத்தால் இல்லை. 2013-ல் என் வீட்டுக் கணினியில் கிம்ப்ஸின் பிரைம்95 நிரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது இரட்டைச் சோதனை, அதாவது ஏற்கெனவே யாரோ ஒருவர் சோதித்த அடுக்கை மறுபடி சோதித்து, கடைசி மீதியின் 64 பிட்டை ஒப்பிடுவது. மின்வெட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் மூன்று வாரம் ஓடியது. முடிவு: பகா எண் இல்லை. முதல் ஆளும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் இரண்டு மீதிகளும் பொருந்தவில்லை. மூன்றாவதாக ஒருவர் ஓட்டினார். அவருடையது முதல் ஆளுடையதோடு பொருந்தியது.

தப்பு என்னுடையது. நினைவகச் சோதனை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு ராம் அட்டைகளில் ஒன்று பழுது. கோடிக்கணக்கான படிகளில் எங்கோ ஒரு பிட் புரண்டிருக்கிறது, அதற்குப் பிறகு வந்த எல்லாமே குப்பை. அந்தக் கணினியில்தான் வருஷக்கணக்காக வீட்டுக் கணக்கும் குழந்தைகள் படங்களும் வைத்திருந்தேன். ஒருநாளும் அது பிழை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எனக்குப் பொய் சொன்னதைக் கண்டுபிடித்தது, வேறெங்கோ இருந்த, எனக்கு முகம் தெரியாத இரண்டு பேரின் கணினிகள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2024-ஐப் பாருங்கள். சான் ஹோசேவைச் சேர்ந்த லூக் டூரன்ட், முன்பு என்விடியாவில் வேலை பார்த்தவர். 17 நாடுகளில் வாடகைக்கு எடுத்த கிராபிக்ஸ் சில்லுகளைச் சேர்த்து ஓட்டினார். அக்டோபர் 11-ல் டப்ளினில் இருந்த ஒரு சில்லு "பகா எண்ணாக இருக்கலாம்" என்றது. கவனியுங்கள், "இருக்கலாம்". அது ஃபெர்மா வகைச் சோதனை, முழு நிரூபணம் இல்லை. அதை ஓட்டுவதற்குக் காரணம், கணக்கு நடக்கும்போதே பிட் புரண்டால் பிடித்துவிடும் ஒரு வழியை ராபர்ட் கெர்பிச் அதற்கு உருவாக்கியிருந்தார் என்பதுதான். என்னைப் போன்ற பழுது ராம்காரர்களுக்கான மருந்து. மறுநாள் டெக்சாஸில் சான் ஆன்டோனியோவில் வேறொரு வகைச் சில்லு லூக்கா–லெமர் சோதனையை முழுக்க ஓட்டி, சைபர் வந்ததைக் காட்டியது. அதன் பிறகும் வேறு வேறு நிரல்கள், வேறு வேறு வன்பொருள்கள். எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் அக்டோபர் 21-ல் அறிவிப்பு.

நான் செய்தி எழுதியிருந்தால் அந்தப் பத்து நாளைத்தான் எழுதியிருப்பேன். விடை கையில் வந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு, தங்கள் கணினிகளையே சந்தேகப்பட்ட நாட்கள்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கும் இங்கேதான் நேர்மையான பதில் இருக்கிறது. 1994-ல் பென்டியம் சில்லின் வகுத்தல் பிழை வெளிப்பட்டது, தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது. 2016-ல் இன்டெலின் ஸ்கைலேக் சில்லுகள் உறைந்துபோகும் பிழை வெளிப்பட்டது, பிரைம்95 ஓடும்போது. விடை சரியா என்று கறாராகச் சொல்லிவிடக்கூடிய கணக்கை வாரக்கணக்கில் ஓட்டினால், கணினியின் பொய் வெளியே வரும்.

அந்தப் பெண் இரண்டு வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். வகுப்பு இன்னும் ஆண்டுதோறும் நான்தான் எடுக்கிறேன். முதல் ஸ்லைடை மாற்றிவிட்டேன். இப்போது அதில் 4, 14, 67, 42, 111, 0 என்ற ஆறு எண்கள் மட்டும் இருக்கின்றன. எல்லோரிடமும் ஒரு தாளைக் கொடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள் என்கிறேன். போன தடவை ஒருவருக்கு நாலாவது படியில் 110 வந்தது. பக்கத்தில் இருந்தவரோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டார்.